நாலு மணி வாசிப்பு

பத்திரம் எழுதும் அந்த அலுவலகத்துக்கு ஆட்கள் மாடிப்படி ஏறி வரும்போதே பாதி உயிர் போய்த்தான் வருவார்கள். விற்கிறவனுக்கு ஏமாந்துவிடுவோமோ என்று பயம். வாங்குகிறவனுக்கு ஏற்கெனவே ஏமாந்துவிட்டோமோ என்று பயம். இரண்டு பயமும் தொலைபேசி வழியாக வந்து இறங்குகிற இடம் கறார் அக்காவின் மேசை.

கறார் அக்கா என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். பதினோரு வருடமாக அங்கே வேலை. ஒரு வீட்டின் பழைய பத்திரங்களைப் புரட்டி, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த வங்கியில் அடமானம் கிடந்தது, மீண்டதா இல்லையா என்று பார்த்துப் புதுப் பத்திரம் எழுத வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கோப்பை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். கெஞ்சினாலும் நடக்காது, அழுதாலும் நடக்காது. அவளைக் கண்டால் வங்கிக்காரர்களே நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வெள்ளிக்கிழமைதான் பெரிய நாள். ஒரு குடும்பம் காலி செய்தால்தான் இன்னொரு குடும்பம் உள்ளே வர முடியும். அது வந்தால்தான் அதற்குப் பின்னால் நிற்கிற மூன்றாவது குடும்பம் நகர முடியும். நடுவில் ஒரே ஒரு கடிதம் வராமல் போனால் மூன்று தெருக்களில் மூன்று லாரிகள் கட்டில், பீரோ, மீன்தொட்டியோடு நிற்கும். வியாழக்கிழமை மதியத்திலிருந்தே கறார் அக்கா வராத கடிதங்களை எண்ணிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பாள். எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் "நாளைக்கு" என்று சொல்லிவிடுவாள். நாளைக்கு முடியாது. மறுநாள் அவர்கள் பத்து தடவை கூப்பிடுவார்கள்.

இத்தனையையும் அவள் தாங்கியது நாலு மணிக்காக.

பத்திரம் கையெழுத்துக்குப் போகுமுன் இரண்டு பேர் உட்கார்ந்து அதை வாசித்துப் பார்ப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். ஒருவர் புதுப் பத்திரத்தை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் பழைய பத்திரத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே காதால் ஒத்துப்பார்ப்பார். பத்து வருடமாக வாசித்தது கறார் அக்கா, கேட்டது அலுவலகத்தின் சொந்தக்காரரான வக்கீலம்மா. நாலு மணிக்கு உள்ளறைக் கதவு சாத்தப்படும். தொலைபேசி வெளியே கத்திக் கிடக்கும். வக்கீலம்மாவுக்கு விரல் ஓட்டுவதெல்லாம் வேண்டாம்; பழைய பத்திரத்தை ஒருமுறை படித்து மனதில் ஏற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வாசிக்கும்போது ஏதாவது இடறினால் கறார் அக்கா நிறுத்த மாட்டாள்; வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு மேலே போவாள். பக்கம் முடிந்ததும் புள்ளிக்குத் திரும்பி, "இது யாரும்மா? இந்த ஆள் எப்படி நடுவுல வந்தான்?" என்பாள். அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த அரை மணி நேரம் முடிந்து வெளியே வரும்போது, வெளியூர் போய்விட்டு வந்தவள் மாதிரி அவள் முகம் இருக்கும்.

அந்த நாலு மணி மூன்று மாதத்துக்கு முன் போய்விட்டது. தொலைத்தது அவளேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே அவள் மயங்கி விழுந்தாள். ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். வக்கீலம்மா பயந்துபோய், வேலைச் சுமை பற்றி ஆலோசனை சொல்கிற ஒரு பெண்மணியை வாரம் ஒருமுறை வரச் சொன்னார். வந்தவள் எல்லோரையும் கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னதால் டைப்பிஸ்ட் அவளுக்கு மூச்சுக்காரி என்று பெயர் வைத்தான். மூச்சுக்காரி ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தாள். அன்றாடம் செய்கிற வேலை என்னென்ன, எவ்வளவு நேரம், அதில் எதை வேறு ஆளிடம் கொடுக்கலாம்.

கறார் அக்கா பதினாறு வேலைகளை எழுதினாள். எதை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு, "நாலு மணி வாசிப்பு" என்று எழுதினாள்.

அவள் எதிர்பார்த்தது வேறு. வக்கீலம்மா அதைப் படித்துவிட்டு, "என்ன விளையாடுறியா? அதை எப்படி இன்னொருத்திகிட்ட குடுக்கிறது?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், மீதிப் பதினைந்து வேலையையும் ஒற்றைக் கையால் செய்துவிடலாம் என்று நினைத்தாள். வக்கீலம்மா படித்தார். தலையை ஆட்டினார். திங்கட்கிழமை முதல் நாலு மணி வாசிப்பை நிதானத்திடம் கொடுத்துவிட்டார்.

நிதானம் அங்கே சேர்ந்து எட்டு மாதம்தான். முப்பது வயது, ஒல்லி, எப்போதும் சலவைக்காரர் கையிலிருந்து இப்போதுதான் வந்தது போன்ற உடை. வாடிக்கையாளர்கள் கேட்டால் அவள் "நாளைக்கு" என்று சொல்வதே இல்லை. புதன்கிழமை முடியும் வேலைக்கு, "வெள்ளிக்கிழமை ஆயிடுங்க" என்பாள். புதன்கிழமையே முடித்துக் கொடுத்ததும் அவர்கள் அவளை வாழ்த்திவிட்டுப் போவார்கள். இது திறமை இல்லை, மோசடி என்பது கறார் அக்காவின் கட்சி. வந்த முதல் வாரமே, அவள் ஒவ்வொரு தாளையும் ஆற அமரத் திருப்புவதைப் பார்த்து எரிச்சலில், "ஆமா, மகாராணி நிதானம்" என்று இவள்தான் பெயர் வைத்தாள். குத்துவதற்காக வைத்த பெயர். அலுவலகம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, "நிதானம் இருக்காங்களா? நிதானத்துகிட்டயே பேசிக்கிறோம்" என்று வாய் நிறையக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. தான் செய்த கத்தியால் பக்கத்து மேசையில் ஆப்பிள் நறுக்கித் தின்பதைப் பார்ப்பது போல இருந்தது கறார் அக்காவுக்கு.

மூச்சுக்காரி வேறு ஒவ்வொரு வாரமும், "நம்ம நிதானத்தைப் பாருங்க" என்று ஆரம்பிப்பாள். நாலு மணிக்குக் கதவு சாத்தப்படும்போது கறார் அக்காவின் காதில் புகை வரும். அந்தப் பக்கம் போய்க் காதை வைத்துக் கேட்கிற அளவுக்கு அவள் இறங்கவில்லை. ஆனால் கோப்பு அலமாரியை மட்டும், வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் இரட்டை வீட்டுப் பத்திரம் வந்தது.

ஒரு தகப்பன் தன் இரண்டு பிள்ளைகளுக்காக ஒட்டிக் கட்டிய வீடுகள் அவை. நடுவில் ஒரே சுவர். கண்ணாடியில் பார்ப்பது போல இந்தப் பக்கம் உள்ளது அந்தப் பக்கமும் இருக்கும். மேற்கு வீடு மூத்தவருக்கு, கிழக்கு வீடு இளையவருக்கு என்று ஒரே நாளில் இரண்டு பத்திரம் எழுதிவைத்துவிட்டுத் தகப்பன் போய்ச் சேர்ந்தார். அண்ணன் தம்பிக்குள் ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது மூத்தவர் தன் வீட்டை ஒரு நர்ஸுக்கு விற்கிறார். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

பத்திரத்தை எழுதியது நிதானம். ஒத்துப்பார்த்தது நிதானமும் வக்கீலம்மாவும். செவ்வாய்க்கிழமை மதியம் டைப்பிஸ்ட் சுத்தப் பிரதியைக் கொண்டுவந்து, "அக்கா, பக்க எண் போட்டுத் தைச்சுக் குடுத்திடுங்க. அம்மா தன் அலமாரியில வெச்சுப் பூட்டணுமாம்" என்று வைத்துவிட்டுப் போனான்.

பக்க எண் மட்டும் போடுகிற கண் இல்லை அது. கடைசிப் பக்கத்தில், விற்கப்படும் வீட்டின் நாலு எல்லைகளையும் எழுதியிருந்த இடத்தில் அவள் பார்வை நின்றது. கிழக்கே: பொதுச் சந்து. மேற்கே: மூத்தவர் பாகத்து வீடு.

இன்னொரு தடவை படித்தாள். விற்கிறவரே மூத்தவர். அவர் விற்கிற வீட்டுக்கு மேற்கே அவருடைய வீடே எப்படி நிற்கும்? சந்து கிழக்குப் பக்கம் இருப்பது தம்பி வீட்டுக்கு. ஆறு வருடத்துக்கு முன் தம்பி கடன் வாங்கியபோது பத்திரம் எழுதியவள் அவள்தான். அந்தச் சந்தில் நின்று சுவரைத் தொட்டே பார்த்திருக்கிறாள்.

நடந்தது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு பழைய பத்திரங்களின் கடைசிப் பக்க நகலும் ஒரே கிளிப்பில் கிடந்திருக்கும். ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை, ஒரே அளவு. நிதானம் தம்பியுடையதைப் பார்த்து எழுதிவிட்டாள். வாசித்துப் பார்த்தபோதும் கையில் இருந்தது அதே தாள். வாசிப்பில் சொல்லோடு சொல் ஒத்துப்போகிறதா என்றுதான் காது பார்க்கும். எல்லாச் சொல்லும் ஒத்துப்போயிருக்கும். இது யார், இவர் எப்படி இங்கே வந்தார் என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை.

அண்ணன், தம்பியின் வீட்டை விற்கப் போகிறார். அதுவும் வக்கீலம்மாவின் முத்திரையோடு.

உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது. மூன்று மாதமாகக் கிடைக்காத நிம்மதி அது. எழுந்துபோய்ச் சொல்லத்தான் எழுந்தாள். மணி நாலு பத்து. உள்ளறைக்குப் பக்கத்தில் போனபோது கதவுக்கு அந்தப் பக்கம் வக்கீலம்மா சிரித்தார். சின்னச் சிரிப்பு, மூக்கால் தொடங்கித் தொண்டையில் முடிகிற சிரிப்பு. அது தனக்கு மட்டும் சொந்தம் என்று கறார் அக்கா பத்து வருடமாக நினைத்திருந்தாள்.

திரும்பி வந்து பத்திரத்தைத் தைத்தாள். ஊசி நேராகப் போனது. ஐந்து மணிக்குக் கொண்டுபோய் வக்கீலம்மா கையில் கொடுத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"பக்க எண் சரியா இருக்குங்கம்மா."

அது பொய் இல்லை என்று படி இறங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மூச்சுக்காரி வந்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, "மனசுல சுமந்துட்டு இருக்கிற பாரத்தை ஒரு பெட்டிக்குள்ள இறக்கி வெக்கிற மாதிரி நெனச்சுக்குங்க" என்றாள்.

"பெட்டி என்ன சைஸுங்க?" என்று கேட்டான் டைப்பிஸ்ட்.

"உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

"அப்ப லாரியே வெச்சுக்கிறேன்."

நிதானம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூச்சுக்காரி கறார் அக்கா பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க இன்னிக்கு எதையோ இறுக்கிப் பிடிச்சிருக்கிற மாதிரி தெரியுது."

"ஒண்ணுமில்லையே."

"கையை விரிங்க பாப்போம்."

பார்த்தால் உண்மையிலேயே இரண்டு கையும் முஷ்டியாக மூடியிருந்தன. விரித்தாள். உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் நாலு நாலாக இருந்தது. "ராத்திரி சரியாத் தூக்கம் இல்ல" என்றாள். நிதானம் உடனே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் வைத்துவிடலாமா என்று யோசித்து, தாகத்தில் குடித்துவிட்டாள். அந்தத் தண்ணீர்கூட அவளுக்குக் கசந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம் வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவன். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி அவளுக்கு, மறு பாதி பற்களுக்கு. கடைவாய்ப் பல் ஒன்றை அரத்தால் தேய்த்தபடியே முழுக் கதையையும் கேட்டான்.

"அந்தப் பொண்ணுகிட்டயாவது சொன்னியா?"

"ஏன் சொல்லணும்? அவதான் பெரிய நிதானமாச்சே. பாக்கட்டும்."

"சரி, வக்கீலம்மாகிட்ட?"

"நாளைக்கு எல்லாரையும் வெச்சுட்டுப் பத்திரத்தை வாசிப்பாங்கல்ல, அப்பச் சொல்லுவேன். கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி சொல்லிடுவேங்க. நான் அவ்வளவு மோசமானவ இல்ல."

அவன் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "வீடு வாங்குற நர்ஸு உனக்கு என்ன பண்ணுச்சு?"

"அவளுக்கு என்ன நஷ்டம்? பக்கம் மாத்த ரெண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவுதான்."

"அந்த ரெண்டு மணி நேரமும் உன்னை மாதிரி ஒருத்தி கடிகாரத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பா" என்றான் அவன். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. உனக்கு அவ விழணுமா, இல்ல அந்தம்மா உன்னைப் பாக்கணுமா?"

"ரெண்டும்" என்றாள் கறார் அக்கா. அவன் பல்லை மறுபடி அரத்தில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். மூத்தவர் கைத்தடியோடு சன்னல் ஓரம் உட்கார்ந்தார். நர்ஸ் இரவுப் பணி முடித்து அப்படியே வந்திருந்தாள். கீழே அவளுடைய சாமான் லாரி, அதில் அவளுடைய அம்மா, அம்மாவின் மடியில் கடிகாரம். வாடகை வீட்டுச் சாவியைக் காலையிலேயே கொடுத்தாயிற்று என்றாள்.

நிதானம் வாசிக்க ஆரம்பித்தாள். அந்தக் குரலைக் கறார் அக்கா முதல் தடவையாகக் கதவு இல்லாமல் கேட்டாள். நல்ல குரல்தான். ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினாள். அதைக் கேட்கக் கேட்க, சொல்லாமலே விட்டுவிடலாமா, பதிவு அலுவலகத்திலோ தம்பி வீட்டு வாசலிலோ இது வெடிக்கட்டுமே என்று ஒரு எண்ணம் வந்து போனது. தன் எண்ணத்தைக் கண்டு தானே பயந்தாள்.

"கிழக்கே பொதுச் சந்து. மேற்கே மூத்தவர் பாகத்து வீடு."

"நிறுத்து" என்றாள் கறார் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம் வரிசை மாறாமல் வந்தது. "விக்கிறவர்தான் மூத்தவர். அவர் வீட்டுக்குப் பக்கத்துல அவர் வீடே எப்படி வரும்? இது தம்பி வீட்டோட எல்லை."

மூத்தவர் கைத்தடியைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, மெதுவாக யோசித்தார். "அப்ப நான் எதை விக்கிறேன்?"

"உங்க தம்பி வீட்டைங்க" என்றான் டைப்பிஸ்ட், வாயை அடக்க முடியாமல்.

"அவன் வீட்டையா? வாசல்ல என் நிழல் விழுந்தாலே அவன் போலீசுக்கு லெட்டர் போடுறவன்" என்றார் மூத்தவர். "நல்லாப் பாத்தீங்கம்மா."

நிதானத்தின் முகத்தில் ஈயாடவில்லை. தாளைப் பிடித்திருந்த விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கறார் அக்கா அதை மிடறு மிடறாகக் குடித்தாள். பிறகு வக்கீலம்மாவைப் பார்த்தாள். இந்த நொடிக்காகத்தான் மூன்று மாதம்.

வக்கீலம்மா அவளைப் பார்க்கவில்லை. நிதானத்தின் கையிலிருந்து பத்திரத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தாளைச் சன்னல் பக்கம் சாய்த்தார்.

வரியின் ஓரத்தில் ஒரு சின்னப் பென்சில் புள்ளி இருந்தது.

செவ்வாய்க்கிழமை அதை எப்போது வைத்தாள் என்று கறார் அக்காவுக்கே தெரியாது. பத்து வருடப் பழக்கம்; கண் இடறியதும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது.

"எப்ப பாத்தே?" என்றார் வக்கீலம்மா. குரல் உயரவில்லை.

"இப்ப... வாசிக்கும்போது..."

"இந்தப் பத்திரம் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அலமாரிக்குள்ள போச்சு. சாவி என் இடுப்புல இருக்கு."

கீழே லாரிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான். கறார் அக்கா தன் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. "செவ்வாய்க்கிழமை" என்றாள்.

நர்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், திட்டக்கூடத் தெம்பில்லாமல் பார்த்தாள். "செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா நான் தூங்கிட்டாவது வந்திருப்பேங்க" என்றாள்.

வக்கீலம்மா வேலைகளைப் பிரித்தார். நிதானம் சரியான பழைய தாளை எடுத்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும். டைப்பிஸ்ட் லாரிக்காரனிடம் பேசி, அம்மாவையும் கடிகாரத்தையும் மேலே அழைத்துவர வேண்டும். "நீ உள்ள வா" என்றார் கறார் அக்காவிடம்.

கதவு சாத்தப்பட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அவள். வக்கீலம்மா செருப்பைக் கழற்றவில்லை.

"சொல்லு. ஏன்?"

வேலைச் சுமை என்று சொல்லலாம். ரத்த அழுத்தம் என்று சொல்லலாம். இரண்டையும் இந்த அலுவலகம் நம்பும். அதற்காகவே ஒருத்தி வாரம் தவறாமல் வந்து போகிறாள். "எனக்கு அந்த நாலு மணி வேணும்மா" என்றாள்.

வக்கீலம்மா புருவத்தைச் சுருக்கினார். "நீதானே எழுதிக் குடுத்தே. வேற ஆள்கிட்ட குடுக்கலாம்னு."

"நீங்க குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சு எழுதினேன்."

"அதை அந்தப் படிவத்துல எந்தக் கட்டத்துல எழுதியிருந்தே?"

"எழுதல."

வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்தார். "மயங்கி விழுந்தவ எழுதிக் குடுத்திருக்காளேன்னு மறு பேச்சுப் பேசாம குடுத்தேன். எனக்கு மட்டும் அது லேசா இருந்துச்சுன்னு நெனச்சியா? பத்து வருஷம் ஒரு குரலைக் கேட்டுட்டு, இன்னொரு குரலுக்குக் காதைப் பழக்கறது சின்ன விஷயமா?"

கறார் அக்காவுக்கு நெஞ்சு திறந்துகொண்டது போல இருந்தது. இந்த வார்த்தைக்காகத்தானே. "அப்ப திருப்பிக் குடுத்திடுங்கம்மா" என்றாள், சின்னப் பெண் மாதிரி.

"மாட்டேன்."

"ஏம்மா?"

"கண்ணை மூடிட்டுக் கேக்கிற வேலை அது. மூணு நாள் தெரிஞ்சே வாயை மூடிட்டு இருந்தவ எதிர்ல நான் எப்படிக் கண்ணை மூடுவேன்?" வக்கீலம்மாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "போ. அந்தப் பக்கத்தை எழுதி முடிச்சிருப்பா. இந்தத் தடவை எழுதினவளே வாசிக்க வேண்டாம். நீ போய் வாசி. அவங்களை வீட்டுக்கு அனுப்பணும்."

கோப்பு அறையில் நிதானம் இரண்டு பழைய தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. கறார் அக்கா எதிரில் உட்கார்ந்ததும் நிமிராமலே பேசினாள்.

"மூணு நாளாக்கா?"

"ம்."

"புதன்கிழமை உங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தேன்."

"குடிச்சேனே."

"குடிச்சீங்க. நல்லாக் குடிச்சீங்க" என்றாள் நிதானம். "என் வேலை போயிருக்கும்க்கா. அம்மா பேரும் சேர்ந்து போயிருக்கும். எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். அதைப் பத்தி நீங்க கேட்டதே இல்ல. மகாராணின்னு மட்டும் சொன்னீங்க."

அந்தப் பெயரின் முன்பாதி அவள் காதில் விழுந்தது என்பதே கறார் அக்காவுக்கு இப்போதுதான் தெரியும். எட்டு மாதமாக அதை வைத்துக்கொண்டு எப்படி அப்படிச் சிரித்த முகமாக இருந்தாள் என்று ஒரு கணம் வியந்தாள். வியப்பு முடிவதற்குள் அதன் மேலேயே பொறாமை வந்து உட்கார்ந்தது.

"கையெழுத்துக்கு முன்னாடி சொல்லணும்னுதான் இருந்தேன்."

"தெரியும். எல்லார் முன்னாடியும்." நிதானம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, கேளுங்க. அம்மா நல்லா ஒத்துப்பாப்பாங்க. ஆனா நான் தப்பான தாளைக் குடுத்தா அவங்களும் தப்பான தாளோடதான் ஒத்துப்பாப்பாங்க. திங்கட்கிழமையிலேருந்து, நாலு மணிக்குப் போறதுக்கு முன்னாடி என் பத்திரம் எல்லாத்தையும் நீங்க பாக்கணும். பதினொன்றரைக்கு."

"நானா? என்னையா நம்புறே?"

"உங்களை நம்பல. உங்க கண்ணை நம்புறேன். என் மேல இவ்வளவு பொறாமை இருக்கிற ஆள் கண்ணுல எதுவும் தப்பாது."

"எனக்கு என்னடி உன் மேல பொறாமை?"

"சரி, இல்லைன்னு வெச்சுக்குவோம். பதினொன்றரைக்கு. பாத்த அன்னிக்கே சொல்லணும், அவ்வளவுதான்."

கோப்பு அலமாரியை மறுபடி பழைய இடத்துக்கே தள்ளிவிட வேண்டியதுதான் என்று கறார் அக்காவுக்குச் சம்பந்தமில்லாமல் தோன்றியது. புதுத் தாளை இழுத்து வைத்துக்கொண்டு வாசித்தாள். கிழக்கே இளையவர் பாகத்து வீடு. மேற்கே பெரிய தெருவுக்குப் போகும் வழி. வடக்கே, தெற்கே, நீளம், அகலம். நிதானத்தின் விரல் பழைய தாளில் கூடவே வந்தது. வாசித்து முடித்தும் திருப்தி இல்லாமல் இன்னொரு முறை வாசித்தாள். அளவுகளைக் கூட்டிப் பார்த்தாள். விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தாள். அப்பழுக்கில்லாமல் இருந்தது. பத்து நிமிடத்தில், அழுதுகொண்டே, இப்படி எழுத இவளுக்கு எப்படித்தான் வருகிறதோ.

"என்னக்கா, தப்பு ஏதாவது இருக்கா?"

"இல்ல" என்றாள் கறார் அக்கா. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாசித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நிதானம் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே நர்ஸின் அம்மா டைப்பிஸ்டிடம் கடிகாரம் நின்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை மூணு பத்திரம் இருக்கு" என்றாள் நிதானம், வாசலில் நின்று. "ஒண்ணு பெரிசு. பதினெட்டுப் பக்கம்."

பதினெட்டுப் பக்கம். அதில் ஏதாவது ஒரு தப்பு இல்லாமலா போய்விடும் என்று கறார் அக்காவுக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை பிறந்தது.